மயங்கி விழுந்தவள்

செல்போன் பழுதுபார்க்கும் பயிற்சிக் கூடத்தில், திறந்து கிடந்த போன் மேல் குனிந்து சால்டரிங் கம்பியால் ஈயப் பற்று வைத்துக்கொண்டிருந்தாள் பதினாறு வயது முத்தழகி. அவளுடைய மாமா வாசலில் வந்து நின்றார்.

"அம்மா மயங்கி விழுந்துட்டா. கெளம்பு."

அவள் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்தாள். ஆனாலும் எழவில்லை. "அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசணும் மாமா. போன் போட்டுக் குடுங்க."

"பேசுற நெலமையிலயா இருக்கா?" உள்ளே வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். மற்ற பெண்கள் எழுந்து நின்றார்கள். முத்தழகி இன்னொரு கையால் மேசைக்காலை இறுகப் பற்றிக்கொண்டாள்.

"பேசாம நான் வரமாட்டேன்."

தெருவில் நின்ற வேனின் கதவு திறந்தது. பட்டுச்சேலை கட்டியிருந்த அம்மா இறங்கி உள்ளே வந்தாள். மகளை நிமிர்ந்து பார்க்க அவளால் முடியவில்லை.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காத்துக்கெடக்காங்க. நீயே சொல்லு இவகிட்ட," என்றார் மாமா.

அம்மா, மகளின் மணிக்கட்டைப் பிடித்திருந்த அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். இருவருக்கும் நடுவில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ வேலையப் பாரு தாயி."

வேனிலிருந்து மேலும் சில ஆண்கள் இறங்கி வருவது தெரிந்தது. அம்மா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.