ஏழாவது தடவை

ஏரிக்கரையைக் கவனிக்கும் பொறுப்பு எருமையிடம் இருந்தது. வாரத்துக்கு ஒரு முறை எல்லா விலங்குகள் முன்னாலும் மரங்கொத்தி அதைப் பேட்டி எடுக்கும்.

"தலைவரே, கரையை நேர்ல போய்ப் பார்த்தீங்களா?"

"கரை நம் எல்லாருடைய பெருமை" என்றது எருமை.

"பார்த்தீங்களா?"

"என் தாத்தா காலத்திலிருந்தே..."

"பார்த்தீங்களா?"

ஏழாவது தடவையும் அதே கேள்வி வந்ததும் முயல்கள் சிரித்துவிட்டன. எருமைக்கு மானம் போயிற்று. இவன் வாயை அடைப்பதற்காகவாவது பார்த்துவிடுவோம் என்று கோபத்தோடு கரைக்குப் போனது. அங்கே நண்டு வளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. பொழுது சாயும்வரை எருமையே மண்ணைத் தள்ளி, மிதித்து அடைத்தது. மறுநாள் பெருமழை. கரை உடையவில்லை. கரைக்குக் கீழே குடியிருந்த முயல்கள் பிழைத்தன.

அடுத்த பேட்டிக்கு எருமை தானாகவே சீக்கிரம் வந்தது. "உனக்கு நன்றி சொல்லத்தான் ஓடி வந்தேன்பா."

"அது இருக்கட்டும் தலைவரே. மதகைப் பார்த்தீங்களா?"

"மதகு என்பது நம் எல்லாருடைய..." என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்த எருமை, பாதியில் நிறுத்தியது. "இல்லப்பா. பார்க்கல."

மரங்கொத்தி திகைத்துப்போனது. இத்தனை வருஷத்தில் இப்போதுதான் அதற்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

"ரொம்ப நன்றி தலைவரே" என்றது.