டெய்லரின் வலது கால்

"என் காலை அந்த இடத்தை விட்டு யாரும் நகர்த்தக் கூடாது ஐயா. சொல்லிட்டேன்."

சபை அலுவலகத்தில் நாற்காலி இருந்தும் உட்காராமல், அக்குளில் கட்டையை ஊன்றியபடி நின்றார் டெய்லர். அவர் சொன்னது, இருக்கிற இடது காலை இல்லை. சர்க்கரை வியாதியில் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்ட வலது காலை. அதை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து, பழைய கல்லறைத் தோட்டத்தின் மூலையில் அடக்கம் செய்திருந்தார்கள். முன்பிருந்த பாஸ்டர் வந்து ஜெபம்கூடப் பண்ணினாராம்.

மூன்று மாதத்துக்கு முன்னால்தான் மாற்றலாகி வந்த பாஸ்டருக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

"பழைய தோட்டம் நிறைஞ்சு போச்சு பாஸ்டர். இனிமே எல்லாருக்கும் ஊருக்கு வெளியே புதுசுதான்" என்றார் செயலாளர். "ஒரு குழிக்கு ஒரே ஆள்தான், குடும்பமானாலும் ரெண்டாவது ஆளை வைக்கக் கூடாது. அந்த மூலையில தண்ணித் தொட்டி கட்டணும்னு கமிட்டி முடிவு பண்ணியாச்சு. இவர் ஒரு காலைப் புதைச்சு வச்சுக்கிட்டு முழு இடம் கேக்கறார்."

"மிச்சமும் ஒருநாள் வரும்ல" என்றார் டெய்லர்.

"மிச்சம் புதுத் தோட்டத்துல இருந்துக்கட்டுமே."

"அது எப்படி? கடைசி நாள்ல எக்காளம் ஊதுது. நான் ஊருக்கு வெளியே எந்திரிக்கறேன். காலு இங்க எந்திரிக்குது. அது பாட்டுக்கு மெயின் ரோட்டுல என்னைத் தேடி நொண்டியடிச்சுக்கிட்டு வரணுமா?"

பாஸ்டர் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார். "டெய்லரே, கடல்ல மூழ்கினவங்க, நெருப்புல போனவங்க எல்லாரையும் எழுப்பப் போறவர் ஆண்டவர். உங்க ஒரு கால் அவருக்குக் கஷ்டமா?"

"துணியே இல்லாமக்கூட அவரால சட்டை தைக்க முடியும் ஐயா. நான் இல்லேன்னு சொல்லல. அதுக்காகக் குடுத்த துணியை எங்கேயோ போட்டுட்டு வந்து சட்டை எங்கேன்னு நின்னா, தைக்கறவருக்கு எப்படி இருக்கும்?"

"அழுகிப் போனதுன்னு வெட்டின கால். அதையா திரும்பக் கேக்கறீங்க?" என்றார் செயலாளர்.

"ஆல்ட்டரேஷன் பண்ணித் தருவாரு."

"சரி, அந்தக் கால் இரட்சிக்கப்பட்டதுதானா?" பாஸ்டரும் விடவில்லை.

"என்கூடத்தான ஞானஸ்நானம் எடுத்துச்சு. முழுகும்போது ரெண்டு காலும் தண்ணிக்குள்ளதான் இருந்துச்சு."

இந்த மனிதரோடு வேதம் பேசி ஜெயிக்க முடியாது என்று பாஸ்டருக்குப் பட்டது. ஆனாலும் பாவமாக இருந்தது. கடையைப் பூட்டிவிட்டு, வேகாத வெயிலில் கட்டையை ஊன்றிக்கொண்டு இதற்காகவே வந்திருக்கிறார்.

"ஒண்ணு செய்வோம். பெட்டியை மரியாதையா எடுத்து, புதுத் தோட்டத்துல உங்களுக்குன்னு ஒரு இடத்துல நானே ஜெபம் பண்ணி வைக்கறேன். நாளைக்கு நீங்களும் அங்கேயே. காலும் நீங்களும் ஒண்ணா எந்திரிக்கலாம். சரிதானே?"

டெய்லரின் முகம் சட்டென்று விழுந்துவிட்டது.

"தோண்ட வேண்டாம் ஐயா" என்றார் மெதுவாக.

"பாஸ்டரே சொல்லியாச்சு, அவ்வளவுதான் விஷயம். வாங்க, இப்பவே முடிச்சுடலாம்" என்று செயலாளர் எழுந்துவிட்டார்.

தோட்டத்துக்கு வந்ததும் அவர் கொத்தனாரிடம் அளவு சொல்ல வாசலிலேயே நின்றுகொண்டார். மூலையில் தோட்டக்காரர் மண்வெட்டியால் தோண்டத் தொடங்கினார். பாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். டெய்லர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

கொஞ்ச ஆழத்திலேயே பெட்டி தட்டுப்பட்டது. மரம் உளுத்துப் போயிருந்ததால், தூக்கும்போதே அடிப்பலகை பிய்ந்து, உள்ளே இருந்தது தொப்பென்று விழுந்தது.

தோட்டக்காரர் குனிந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார்.

"ஐயா, கால் துருப்பிடிச்சிருக்கு."

பழைய கரி இஸ்திரிப்பெட்டி ஒன்று மண்ணில் கவிழ்ந்து கிடந்தது.

"காலை ஆஸ்பத்திரியிலேயே எரிச்சுட்டாங்க ஐயா" என்றார் டெய்லர், வாசலுக்குக் கேட்காத குரலில். "உயிரோட இருக்கறவங்களுக்கு இங்க இடம் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு சட்டம். எனக்கு வேற வழி தெரியல. பஸ்ல துண்டு போட்டு வைக்கற மாதிரி..."

"அப்ப அந்த எக்காளம், மெயின் ரோடு எல்லாம்?"

"புதுக் கால் தருவாருன்னு எனக்குத் தெரியாதா ஐயா."

வாசலிலிருந்து செயலாளரின் குரல் வந்தது. "என்ன பாஸ்டர், கால் இருக்கா?"

பாஸ்டர் டெய்லர் பக்கம் குனிந்தார். "இந்த மூலைக்கா இவ்வளவும்? அப்படி என்ன இருக்கு இங்கே?"

டெய்லர் கட்டையைச் சாய்த்துவிட்டு, சிரமப்பட்டுக் குனிந்து, பக்கத்துக் கல்லறைமேல் சிதறியிருந்த மண்ணைக் கையால் துடைத்துவிட்டார். "எங்க வீட்டுக்காரி ஐயா. எக்காளம் ஊதி கண்ணு முழிக்கறப்ப பக்கத்துல நான் இல்லேன்னா பயந்துக்குவா."

பாஸ்டர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"கால் பத்திரமா இருக்கு. தொட்டியை அந்த வாசல் பக்கமே கட்டிக்குங்க" என்று உரக்கச் சொன்னார்.

"ஐயா, பொய் பாவமாச்சே" என்றார் டெய்லர்.

"பாவத்துக்கு மன்னிப்பு கிடைக்கும் டெய்லரே, இங்க இடம்தான் கிடைக்காது" என்ற பாஸ்டர், தோட்டக்காரரின் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கி, இஸ்திரிப்பெட்டியின்மேல் மண்ணைத் தள்ளத் தொடங்கினார்.