பித்தளைச் சத்தம் ஆகாத ஆமை

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள். அருப்புக்கோட்டையில் சென்னய்யாவின் வாசலுக்கு இரண்டும் சேர்ந்தே வந்து நின்றன, ஒன்றின் உள்ளங்கையில் மற்றொன்று.

"திருச்சுழி ரோட்டுல கிடைச்சுது. குஞ்சு. பத்து நாளா என்கிட்டதான் இருக்கு" என்றார் கோர்ட்டு அமீனா பூமிநாதன். "எனக்கு இன்னைக்கு நரிக்குடிப் பக்கம் ஜோலி. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வந்து வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் இங்க இருக்கட்டும்."

தறியிலிருந்து எழுந்து வந்த சென்னய்யாவுக்கு வாய் அடைத்துப் போயிற்று. அவர் மனைவி நாகமணிக்கு அடைக்கவில்லை.

"ஆவணியில மகளுக்குக் கல்யாணம், ஐயா. ஆமை வந்த வீடுன்னு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா சம்பந்தமே நின்னு போகும். அந்த வேப்ப மரத்தடியில வச்சிட்டுப் போங்க."

"காக்கா கொத்திரும், தாயி. இதால ஒரு தொந்தரவும் இல்ல. முக்காவாசி நேரம் தூங்கும். முழிச்சா ஒரு கோவங்காயை நறுக்கிப் போடுங்க. பித்தளைச் சத்தம் மட்டும் இதுக்கு ஆகாது."

"என்ன சத்தம்?"

"பித்தளை. வெண்கலமும்தான். அண்டா குடம் லேசா இடிபட்டாப் போதும், முழிச்சுக்கிட்டுத் தீனி எடுக்காமக் கிடக்கும். மகளுக்குச் சீர் சாமான் வாங்கி வச்சிருக்கீகளாமே?"

"சண்டைக்கால விலையில, வயித்தக் கட்டி வாங்கினது. அதுக்கென்ன?"

"இன்னைக்கே அதையெல்லாம் வேற வீட்டுக்கு அனுப்பிருங்க."

"பக்கத்து வீட்ல வைக்கட்டுங்களா?" என்றார் சென்னய்யா பயந்துகொண்டே.

"ஒரே சுவரு. சத்தம் கேக்கும். வெளியூர்ல சொந்தம் இல்லையா?"

"குமாரலிங்கபுரத்துல அக்கா இருக்கா."

"அது போதும்."

"அப்ப தறிச் சத்தம்?" நாகமணி விடவில்லை.

"அது இதுக்குத் தாலாட்டு மாதிரி, தாயி. தறி இருக்கலாம். சோறாக்குற சட்டி பானையும் இருக்கலாம்."

அவர் தெருமுனை தாண்டும்வரை பொறுத்திருந்து நாகமணி கன்னடத்தில் திட்டத் தொடங்கினாள். வீட்டுப் பாஷையில் திட்டினால்தான் அவளுக்கு மனசு ஆறும். சர்க்கார் சம்பளம் வாங்கினால் வளர்க்கிற ஆமைக்கும் ஊரார் சேவகம் செய்ய வேண்டும் போலிருக்கிறது.

ஆனாலும் கோர்ட்டு ஆளைப் பகைத்துக்கொள்ள முடியுமா? மத்தியானத்துக்குள் மாட்டு வண்டி பிடித்தார்கள். அண்டா, குடம், தாம்பாளம், குத்துவிளக்கு எல்லாம் வைக்கோலுக்குள் படுத்துக்கொண்டு குமாரலிங்கபுரம் போயின.

"என் கல்யாணத்த விட இதோட தூக்கம் பெருசாப் போச்சா?" என்று மகள் கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆமையைக் கழிவு நூல் பரப்பிய கூடையில் வைத்தார்கள். அது தலையை உள்ளே இழுத்தது, தூங்கியது, தூங்கிக்கொண்டே இருந்தது. சென்னய்யாவுக்குத் தறியில் கை ஓடவில்லை. நாலு இழை நெய்வதும், எழுந்து போய்க் கூடையில் காதை வைப்பதுமாக இருந்தார்.

"செத்துக்கித்துப் போச்சா, நாகு?"

"செத்தா நம்ம குத்தம், முழிச்சாலும் நம்ம குத்தம். பேசாம நெய்யுங்க."

சாயங்காலம் அது தலையை நீட்டியது. கோவங்காயை ஒரு கடி கடித்தது. நாகமணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி தூங்கப் போய்விட்டது. தலைதீபாவளிக்கு வந்த மருமகன்கூட இவ்வளவு சுகமாக இருக்க மாட்டான் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. "அந்தச் சட்டிய மெதுவா வைங்க, முழிச்சிக்கிரும்" என்று புருஷனை அதட்டினாள்.

மறுநாள் பத்து மணிக்கு அமீனா வந்தார். கூடவே டவாலி போட்ட பியூனும், வட்டிக்கடை சௌந்தரபாண்டியனும் வந்தார்கள். பூமிநாதனின் முகம் முன்பின் பார்த்திராத முகமாக இருந்தது.

"சென்னய்யாங்கிறது நீர்தானே? உம்ம மச்சினன் இவர்கிட்ட வாங்கின கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கீர். அவர் ஓடிட்டார். உம்ம மேல கோர்ட்டுல தீர்ப்பாகி டிகிரி ஆயிருக்கு. இது ஜப்தி வாரண்டு."

சென்னய்யா தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சௌந்தரபாண்டியன் விறுவிறுவென்று உள்ளே போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"வீடு நிறையப் பித்தளை இருக்குன்னாக. ஒரு கிண்ணியக்கூடக் காணோமே?"

"இருக்கிறதைத்தான் நான் எழுத முடியும்" என்றார் அமீனா.

"அந்தத் தறிய எழுதும்."

"தொழில் சாமான். தொடச் சட்டமில்ல."

"அந்தச் சட்டி பானை?"

"சமைக்கிறது. அதுக்கும் சட்டமில்ல."

"அந்தக் கூடையில என்ன ஒளிச்சு வச்சிருக்காக?"

"ஆமை."

சௌந்தரபாண்டியன் அடுத்த நொடி தெருவில் இருந்தார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். ஜப்தி செய்யப் பொருள் ஏதுமில்லை என்று எழுதிக் கொடுத்து, பூமிநாதன் பியூனையும் அனுப்பிவிட்டார்.

நாகமணி கூடையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். நேற்றுத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து அவரை நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

"நல்லாத் தூங்குச்சுங்க, ஐயா" என்றாள்.

"தூங்கும், தாயி." அமீனா ஆமையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குடையை விரித்தார். "அப்ப நான் வாரேன். இன்னைக்கு இதைப் பாலவனத்தத்துல ஒரு வீட்ல விடணும். அங்க கறவை மாடு ரெண்டு நிக்குதாம். மாட்டுச் சத்தமும் இதுக்கு ஆகாது."