நரி மிதித்துப் போன ஈரம்

மழை பொய்த்த வருஷம், ஆற்றைத் தேடி ஒரு நரியும் ஒரு கிழட்டுக் கழுதையும் சேர்ந்து புறப்பட்டன. வழியெல்லாம் தனக்கு அத்துப்படி என்று சொல்லி நரி முன்னால் நடந்தது. அது கூட்டிப்போன மூன்று சுனைகளும் வறண்டு கிடந்தன. நாலாம் நாள் விடியும்போது நரியால் காலைத் தூக்கவே முடியவில்லை. இத்தனை தெரிந்தும் சாகத்தான் போகிறேன் என்று நினைத்தபடி படுத்துக் கிடந்தது.

கழுதை எப்போதும்போல முன்னங்காலை மடித்துத் தலையைத் தாழ்த்தியது. "ஆண்டவரே, உமக்கு ஸ்தோத்திரம்," என்றது.

நரிக்கு எரிச்சல் வந்தது. "நாக்கை நனைக்கச் சொட்டுத் தண்ணி இல்லை. எதுக்கய்யா தினமும் ஸ்தோத்திரம்?"

"பனி பெய்திருக்கே நரியாரே, அதுக்குத்தான்," என்ற கழுதை புல்லை நக்கத் தொடங்கியது.

நரி திரும்பிப் பார்த்தது. புல் நுனியெல்லாம் ஈரம். மூன்று நாளும் இந்த ஈரத்தை மிதித்துக்கொண்டுதான் அது சுனைகளுக்கு ஓடியிருந்தது.

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"தினமும் சத்தமாத்தானே ஸ்தோத்திரம் சொன்னேன்," என்றது கழுதை.

நரியும் நக்கியது. தாகம் தீரவில்லை; நடக்கக் கொஞ்சம் தெம்பு வந்தது. அன்று முழுக்க நடந்தும் ஆறு தென்படவில்லை.

மறுநாள் நரிதான் முதலில் விழித்தது. பக்கத்து இலையில் பனி திரண்டிருந்தது. நீட்டிய நாக்கை இழுத்துக்கொண்டு, "ஆண்டவரே..." என்றது. கழுதையைப் போலவே முன்னங்காலை மடித்துத் தலையைத் தாழ்த்தியது. பிறகு இலையை நக்கிவிட்டு, கழுதையை எழுப்பியது.

"இன்னைக்கு நீர் முன்னால் நடவும்," என்றது.