இன்னும் கொஞ்சம் திருப்புங்க

"வந்துச்சா?" மொட்டை மாடியிலிருந்து கத்தினான் பழனிவேல்.

"வரலைங்க. சத்தம் நல்லா கேக்குது. படந்தான் புள்ளி புள்ளியா இருக்கு. இன்னும் கொஞ்சம் திருப்புங்க." வாசலில் நின்று பதில் சொன்னாள் அவன் மனைவி வேம்பு.

ஆன்டெனாக் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் திருப்பினான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கொடைக்கானலில் டவர் வந்த புதிது. வாலிகண்டபுரத்தில் அந்தத் தெருவுக்கே இதுதான் முதல் டிவி. வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டுக்காகப் பாதித் தெரு கூடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. படம் வராவிட்டால் வீட்டு மாப்பிள்ளையின் மானம் என்ன ஆவது?

மாமனார் செல்லமுத்து கூட்டத்துக்குச் சமாதானம் சொல்வது மேலே கேட்டது. "கவலப்படாதீங்க. எங்க மாப்ளைக்கு எடது கையில ஆறு வெரலு. அந்தக் கை பட்டா எதுவும் வெளங்கும்."

பக்கத்து வீட்டு உண்ணாமலை வேம்புவைச் சீண்டினாள். "ஏங்க ஏங்கன்னா வூட்டு மேல இருக்கிறவருக்கு எப்புடிடி கேக்கும்? பேரச் சொல்லிக் கூப்புடு."

"போங்கக்கா. புருசன் பேர யாராச்சும் சொல்லுவாங்களா?" ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் வேம்பு.

அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பழனிவேலுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது. அவன் படத்தை வரவழைக்கவா பாடுபட்டுக்கொண்டிருந்தான்? வராமல் இருக்கத்தான் இத்தனை பாடும்.

முந்தாநாள் திருச்சிக்கு ஆன்டெனா வாங்கப் போயிருந்தார்கள். மாமனார் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்க, கடையில் சத்தத்தைக் குறைத்து ஓடவிட்டிருந்த டிவியில் 'காணவில்லை' என்று ஒரு போட்டோ வந்தது. அவனுடைய போட்டோதான்.

"ஆள் கெடைக்கிற வரைக்கும் தெனம் சாயங்காலம் இப்புடித்தான் போடுவாங்க," என்றார் கடைக்காரர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

மாமனாரும் பார்க்கவில்லை. பெரிய ஆன்டெனாவையும் பூஸ்டரையும் எடுக்கப் போனவரைத் தடுத்து, "சின்னதே போதும் மாமா. பூஸ்டர் எதுக்கு வீணா?" என்றான். எவ்வளவு சிக்கனமான மாப்பிள்ளை என்று அவர் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் பெருமைப்பட்டார்.

சேலத்தில் தாலி கட்டியவளையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டு ஓடிவந்தவன் அவன். சின்னதுரை என்ற பெயரையும் அங்கேயே போட்டுவிட்டு, சொந்தபந்தம் யாருமில்லாத பழனிவேலாக இந்த ஊரில் வந்து இறங்கினான். அதனால் பெயர் காட்டிக்கொடுக்காது. முகம்தான் காட்டிக்கொடுக்கும். அது மட்டும் தெரிந்துவிட்டால் வேம்பு இல்லை, பிறக்கப்போகிற பிள்ளை இல்லை, அவனுக்கென்று எதுவுமே இல்லை.

"வருதுங்க, வருது. ஆளு உருவம் தெரியுது. அப்புடியே விட்ருங்க," என்று வேம்பு கத்தினாள்.

கொடைக்கானல் பக்கம் பார்த்து நின்ற ஆன்டெனாவைச் சடாரென்று வேறு பக்கம் தள்ளினான்.

"ஐயோ, போச்சுங்க. வெறும் புள்ளி. யாரையோ காணலைன்னு சொல்றாங்க, ஆளே தெரியல."

கடவுளே, தப்பித்தேன் என்று அப்படியே தரையில் உட்கார்ந்தான். குழாயை மட்டும் விடவில்லை. இந்த அறிவிப்பு முடிகிற வரைக்கும் இப்படியே இருந்தால் போதும். பாட்டு வந்ததும் நன்றாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நாளைக்கு ஆவதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

கீழே பேச்சு நின்றுபோயிருந்தது. பாட்டும் இன்னும் ஆரம்பிக்கவில்லை.

"இப்ப வருதா?" கேட்டுப் பார்த்தான்.

"மாமா, படம் வருதா?"

எழுந்து, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். வாசலில் வேம்பு மட்டும் நின்றிருந்தாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. சுவர்மேல் இருந்த அவனுடைய இடது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னதுரை," என்றாள். "எறங்கி வாங்க."