ஆர்கன் மேலிருந்த கண்ணாடி

"அந்தக் கண்ணாடியைத் திரும்ப மாட்டினாதான் வாசிப்பேன். இல்லன்னா வேற ஆளைப் பாத்துக்கோங்க."

தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சபைச் செயலாளர் தலையில் அடித்துக்கொண்டார். விடிந்தால் ஆராதனை. புதுப்பித்த ஆர்கனைக் கேட்க ஊரே வரப்போகிறது. வேறு ஆளுக்கு எங்கே போவது?

"துருத்திக்குப் புதுத் தோல். காத்தடிக்கப் புது மோட்டார். குழாய் ஒண்ணொண்ணையும் கழட்டித் துடைச்சு மாட்டியாச்சு. புறா கூடு கட்டியிருந்த குழாய்கூட இப்பப் பாடுது. உங்களுக்கு மூஞ்சி பாக்குற கண்ணாடி இல்லாததுதான் குறையா?"

"இத்தனை வருஷம் ஆர்கன் மேலதானே சார் இருந்துச்சு?"

"விரிசல் விட்டிருந்தது. நான்தான் கழட்டச் சொன்னேன்."

ரிப்பேர்காரர் குழாய்களுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். நமக்கேன் வம்பு என்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

செயலாளருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? வாசிப்பவர் மீசைக்குச் சாயம் பூசுகிற ஆசாமி. சபைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, பாட்டு முடியும்வரை கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டார். பாடகர் குழுவில் அவருக்கு 'மேக்கப் மாமா' என்றே பெயர்.

"கண்ணாடியை விடுங்க. பாட்டை ஏன் இந்த இழு இழுக்கறீங்க? பாவம், காத்து பத்தலைன்னு நெனச்சோம். இப்பதான் மோட்டார் வந்தாச்சே! நாளைக்காவது கொஞ்சம் வேகமா வாசிங்க."

"அது முடியாது சார்."

"ஏன்யா முடியாது?" செயலாளர் போட்ட சத்தத்தில் கோயிலே அதிர்ந்தது. "அப்படி என்னதான் தெரியுது அந்தக் கண்ணாடியில?"

வாசிப்பவர் தயங்கினார். ரிப்பேர்காரர் காதில் விழாதபடி கிட்டே வந்தார்.

"நீங்க எப்பவும் வாசல்ல வர்றவங்களைக் கவனிச்சுட்டு நிப்பீங்க, உங்களுக்குத் தெரியாது. மூணாவது வரிசையில உங்க வீட்டம்மா தெரிவாங்க. பக்கவாதம் வந்ததுலேருந்து அவங்களுக்கு வார்த்தை சட்டுனு வர்றதில்லையே... உதடு அசையறதைப் பாத்து, அவங்க ஒரு வரியைப் பாடி முடிச்சப்புறம்தான் சார் நான் அடுத்த வரிக்குப் போறேன்."