அம்மா வாங்கிய பிள்ளை

தீபாவளி காலை. தனியாக இருந்த சாருலதா, பல வருஷங்களுக்குப் பிறகு வீட்டுக்குப் போன் போட்டாள். "எண்ணெய் தேச்சுக் குளிச்சியா?" என்று அம்மா ஒரு வார்த்தை கேட்டால் போதும்.

போனை எடுத்தது சாருலதாவே!

ஆண் குரல். புடவை கட்டி வீட்டை விட்டு வெளியேறுவதற்கு முன்பு அவளுக்கு இருந்த அதே குரல். அவளுடைய பழைய வீடியோக்களைக் கொடுத்து, போன பிள்ளையின் குரலிலேயே பேசும் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியைச் செய்து வாங்கிவிட்டாள் அம்மா என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னபோது அவள் நம்பவில்லை.

"யாருங்க?"

"அம்மா இருக்காங்களா?"

"எனக்கு எண்ணெய் வெச்சுட்டிருக்காங்க."

பெட்டிக்கு எண்ணெயா? சாருலதாவுக்குச் சிரிப்பு வந்தது.

பின்னால் அம்மாவின் குரல். "யார்றா கண்ணு போன்ல?"

"தெரியலம்மா. யாரோ ஒரு பொண்ணு."

"பொண்ணா? ராங் நம்பரா இருக்கும். வெச்சுட்டுத் தலையைக் காட்டு."

இணைப்பு அறுந்தது.

அந்த வீட்டில் அவளை முதன்முதலாகப் பெண் என்று சொன்னது அவளுடைய பழைய குரல்தான்.

சாருலதா எழுந்துபோய், தன் உச்சந்தலையில் தானே எண்ணெய் வைத்துக்கொண்டாள்.